இருபத்திரண்டு ரிம்

துருவை எடுப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பழைய புளியைக் கோது கொட்டையோடு வெந்நீரில் கரைத்து, ரிம்மின் மேல் தாராளமாகப் பூசி அரை மணி நேரம் விட வேண்டும். பிறகு தேங்காய் நாரால் ஒரே திசையில் தேய்க்க வேண்டும். அதற்கும் போகாத இடத்தில், சிகரெட் பெட்டிக்குள் வரும் வெள்ளித்தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போய்விடும். உப்புத்தாள் போடவே கூடாது, முலாம் கீறிவிடும். கடைசியில் பூந்திக்கொட்டை நுரை போட்டுக் கழுவினால் ரிம்மில் முகம் பார்க்கலாம். இதெல்லாம் யாருக்கும் வரும். வராதது கடைசி வேலைதான். கழுவிய கையோடு பருத்தித் துணியால் துடைத்து, கம்பி நுழையும் ஓட்டைக்குள் துணியை முறுக்கி விட்டு அங்கேயும் துடைத்து, தையல் மிஷின் எண்ணெயை ஒரு கை தடவி வைக்க வேண்டும். சோம்பல்பட்டு அப்படியே விட்டால், முலாம் போன இடமெல்லாம் ஒரு மணி நேரத்தில் செம்புள்ளி பூத்துவிடும். மழைக்காலமானால் அந்த ஒரு மணி நேரம் கூட வேண்டாம்.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரர் தனபால் என்று யூட்யூபில் ஒரு வீடியோ இருக்கிறது. சேலத்திலிருந்து இரண்டு பேர் கேமராவோடு வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அதில் அவர் புளி டப்பாவைத் தூக்கிக் காட்டி, "இது என்ற சொந்த ரோசனைங்க. பல நாள் பாடுபட்டுக் கண்டுபுடிச்சதுங்க" என்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு புடவை ஓரம் இரண்டு விநாடி தெரிந்து மறைகிறது. அது நான். காபி கொண்டு வந்தேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் பின்னால் எங்கள் அப்பா வீடு. வெள்ளிக் கொலுசுக்கு மெருகு போடுவது வீட்டுத் தொழில். பட்டறையிலிருந்து கறுத்துப்போய் வரும் கொலுசு, புளியிலும் பூந்திக்கொட்டையிலும் ஊறி, எங்கள் கையால் வெளுத்துப் போகும். சின்ன வயதிலிருந்தே என் விரல் இடுக்கெல்லாம் புளியில் வெந்துதான் கிடக்கும். கல்யாணமாகி ராசிபுரத்துக்கு வந்தபோது, இனிமேல் புளி வாசம் குழம்பில் மட்டும்தான் என்று சந்தோஷப்பட்டேன். என் சந்தோஷம் எதுதான் நிலைத்தது.

அவர் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்ததும் பழைய சைக்கிள் பைத்தியம் பிடித்தது. காயலான் கடையில் கிடப்பது, மாட்டுக் கொட்டகையில் மக்குவது என்று தேடித் தேடிக் கொண்டு வருவார். கழற்றி, சக்கரம் கோணாமல் கோட்டம் எடுத்து, துரு போக்கி, பூட்டி நிறுத்துவார். மொத்தம் பதினோரு சைக்கிள். ஏழு கூடத்தில், நாலு தாழ்வாரத்தில். வீட்டில் நான் நடப்பதற்குத்தான் இடம் இல்லை. இப்படிச் சாவதற்குப் புதிதாக முலாம் போட்டுவிடலாமே என்று ஒரு தடவை கேட்டேன். "பழசு பழசாவே இருக்கோணும். அதுதான் அதுக்கு மரியாத" என்றார். கோட்டம் பார்ப்பதும் கிரீஸ் வைப்பதும் அவர் வேலை. புளியும் நாரும் நுரையும் துணியும் என் பங்கு. அதிலும் துணி முழுக்க முழுக்க என்னுடையது. இத்தனை வருடத்தில் அவர் துணி எடுத்து ஒரு ரிம்மைத் துடைத்து, ஒரே ஒரு தடவை தவிர, நான் பார்த்ததில்லை.

ஊரில் கேட்டால் தங்கமான மனுஷன் என்பார்கள். கை நீட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை, குடி இல்லை. வீட்டில் வாயே திறக்க மாட்டார் என்பது ஊருக்குக் குறையாகப் படவில்லை. கூட இருந்து பார்த்தால்தானே தெரியும்.

எங்களுக்கு ஒரே மகள், ரஞ்சனி. நாலு வருடத்துக்கு முன்பு, படிப்பு முடித்த கையோடு வாழப்பாடிப் பையன் சித்தார்த்தைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். எங்கள் ஆட்கள் இல்லை. அதைத் தவிர அந்தப் பையனிடம் ஒரு குறை சொல்ல யாராலும் முடியவில்லை. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. செய்தி வந்த அன்று அவர் பின்பக்கம் போனார். தொட்டியிலிருந்து மூன்று குடம் தண்ணீர் மொண்டு, உடுத்திய வேட்டியோடு தலையில் ஊற்றிக்கொண்டார். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் ஊற்றிக்கொள்வோமே, அப்படி. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"வா. வந்து நீயும் ஊத்திக்க."

ஊற்றிக்கொண்டேன். அதை இன்று வரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவரைச் சொல்லவில்லை, என்னைச் சொல்கிறேன்.

மறுநாளே அவளுடைய துணிமணி, புத்தகம், போட்டோ, கட்டில் எல்லாம் வீட்டை விட்டுப் போயின. சைக்கிள் மட்டும் போகவில்லை. ப்ளஸ் ஒன் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசாங்கச் சைக்கிள் அது. செயின் கவரில் சிவப்பு நகப்பாலிஷால் 'ரஞ்சனி' என்று அவளே எழுதி வைத்திருந்தாள். இடம் பற்றாமல் கடைசி எழுத்து மட்டும் கொஞ்சம் மேலே ஏறி நிற்கும். பெற்ற மகளைத் தலை முழுகியவருக்கு ஒரு சைக்கிளைக் காயலான் கடையில் போட மனசு வரவில்லை. விறகுக் கொட்டகைக்குள் தள்ளிப் படலைச் சாத்திவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெயர் எங்கள் வீட்டில் பேச்சில் வரவில்லை.

என் போனில் ரஞ்சனி 'கேஸ் புக்கிங்' என்ற பெயரில் இருந்தாள். அவர் பக்கத்தில் இருக்கும்போது மணி அடித்தால், "சிலிண்டர்காரனுங்க" என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போய்விடுவேன். இந்த நாலு வருடத்தில் வந்ததாக நான் சொன்ன சிலிண்டருக்கு ஒரு கல்யாண மண்டபத்துக்கே சமைத்துப் போட்டிருக்கலாம். அவருக்கு ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை. அடுப்பில் என்ன எரிகிறது என்று பார்க்கிற ஆள் இல்லை அவர்.

எனக்குப் பேத்தி பிறந்ததும் அந்தப் போனில்தான் தெரிந்தது. இதழினி என்று பெயர் வைத்தார்கள். சேலம் புது பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை அவளைத் தூக்கிப் பார்த்தேன். இருபது நிமிடம். என் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள். ஒவ்வொரு முறை பேசும்போதும் ரஞ்சனி கேட்பாள், "அப்பா எப்பிடிம்மா இருக்காரு?" இருக்கிறார் என்பேன். "ஒருக்கா வரட்டுமா?" என்பாள். "சித்தெ பொறு கண்ணு" என்பேன். அவள் மறுபடி இந்த வாசலை மிதிக்க வேண்டும், இதழினி இந்தக் கூடத்தில் சைக்கிள்களுக்கு நடுவே ஓட வேண்டும். எனக்கு வேறு ஆசை என்று ஒன்றும் இல்லை.

போன புரட்டாசி மாதம், காபி டம்ளரை வைத்துவிட்டு அவர் விறகுக் கொட்டகைப் பக்கம் போனார். திரும்பி வரும்போது கையில் ரஞ்சனியின் சைக்கிள். நான் அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது கூடத் தெரியவில்லை.

அரசாங்கச் சைக்கிள் என்றாலே அவருக்கு இளக்காரம். "அதெல்லாம் ஒரு ரிம்மா? தகரம்" என்பார். அப்பேர்ப்பட்டவர் அன்று குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு சக்கரத்தையும் கழற்றி, கம்பிகளை ஒவ்வொன்றாக உருவிப் பழைய துணியில் வரிசையாக வைத்தார். நாலு மழைக்காலம் கொட்டகை ஒழுகலில் நின்ற ரிம். தொட்டால் கையோடு துரு வந்தது.

"செல்வி, புளி இருக்குதா?"

"இருக்குதுங்க."

"நெறையாக் கரச்சிரு."

எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. இந்த வீட்டில் கேட்டால் இருக்கிற கொஞ்சமும் மூடிக்கொள்ளும். இருபத்தெட்டு வருடமாக அவருடைய வாயைப் பார்த்து அல்ல, கையைப் பார்த்துத்தான் நான் குடும்பம் நடத்துகிறேன். சோற்றைப் பிசைகிற வேகத்தில் கோபம் தெரியும். செருப்பைக் கழற்றுகிற விதத்தில் அலுப்பு தெரியும். அந்தக் கை இப்போது ரஞ்சனியின் ரிம்மை மடியில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறது. எனக்கு வேறு என்னதான் தோன்றும்?

மூன்று வாரம் அந்த வேலை நடந்தது. பதினோரு சைக்கிளில் எதற்கும் அவர் அவ்வளவு பொறுமை காட்டியதில்லை. முன் ரிம்மில் ஒரு நெளிவு இருந்தது. ப்ளஸ் டூ பரீட்சைக்குப் போகும்போது ரஞ்சனி பள்ளத்தில் விட்டது. அவர் மரக்கட்டையை அடியில் கொடுத்து, மேலே துணி சுற்றி, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி அதை நிமிர்த்தினார். தட்டிக்கொண்டே, "அன்னிக்குப் பள்ளத்துல உட்டது" என்றார். யார் விட்டது என்று சொல்லவில்லை. நாலு வருடத்தில் அவர் வாயிலிருந்து அவளைப் பற்றி வந்த முதல் பேச்சு அது. நான் அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

புளித்தண்ணீர் பூசினேன், நார் போட்டேன், வெள்ளித்தாளால் தேய்த்தேன். என் கல்யாணக் கொலுசைக்கூட நான் அப்படித் தேய்த்ததில்லை. தகரம் என்றாரே, அந்த ரிம் ஒரு வாரத்தில் பாதரசமாகிவிட்டது. அவர் கம்பி கோத்து, முன்னும் பின்னும் சுற்றவிட்டு, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கோட்டம் பார்த்தார். நான் துணியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அந்த மூன்று வாரமும் நான் புதுப்பெண் போல இருந்தேன்.

பிறகு பிரேமுக்கும் செயின் கவருக்கும் நீல பெயின்ட் அடிக்கிற நாள் வந்தது. அடிப்பதற்கு முன்பு அவர் செயின் கவரில் அந்தப் பெயர் இருந்த இடத்தை மட்டும் பேப்பர் டேப்பால் மூடினார். அவர் குளிக்கப் போன நேரம் நான் டேப்பின் ஒரு முனையை நகத்தால் தூக்கிப் பார்த்தேன். சிவப்பு நகப்பாலிஷ் அப்படியே இருந்தது. மேலே ஏறி நின்ற அந்தக் கடைசி எழுத்து அப்படியே இருந்தது. மகள் பெயர் அழியக் கூடாது என்று டேப் ஒட்டியிருக்கிறார். இதற்கு மேல் ஒரு மனுஷன் வாய் திறந்து வேறு சொல்ல வேண்டுமா?

அன்று மத்தியானம் கொல்லையில் நின்று ரஞ்சனிக்குப் போன் போட்டேன்.

"கண்ணு, வார ஞாயித்துக்கெழம கெளம்பி வாங்க. மூணு பேரும் வாங்க."

"என்னம்மா சொல்ற?"

"அப்பா உன்ற சைக்கிள எடுத்துப் புதுசாப் பண்ணீட்டிருக்காரு. பேர அழிக்காம டேப் ஒட்டி வெச்சிருக்காரு சாமி."

"வரச் சொன்னாரா?"

நான் வாயைத் திறந்தேன். இல்லை, அவர் அப்படிச் சொல்லவில்லை, எனக்குத்தான் தோன்றுகிறது என்று சொல்லியிருக்க வேண்டும்.

"சொன்னாரு" என்றேன்.

அந்தப் பக்கம் அவள் அழுகிற சத்தம் கேட்டது. பிறகு சித்தார்த்திடம், "அப்பா வரச் சொன்னாராம்" என்று சொல்வதும் கேட்டது.

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு அது. விடிகாலையில் எழுந்து நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தேன். ரஞ்சனிக்குப் பிடிக்கும் என்று அரிசிமாவும் வெல்லமும் சேர்த்துக் கச்சாயம் சுட்டேன். வாசம் பிடித்துக்கொண்டு அவர் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"என்ன, கோழியா?"

"புரட்டாசி முடிஞ்சுதுல்லங்க."

"நல்லதாப் போச்சு. கொஞ்சம் சேத்தியே ஆக்கு" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார்.

எனக்குத் தெரியாமல் இவரும் அவளோடு பேசியிருப்பாரோ என்றுகூட நினைத்தேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னை ஆச்சரியப்படுத்தப் போகிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அரிசி களைந்துகொண்டே சிரித்தேன்.

பத்து மணிக்கு வாசலில் பைக் சத்தம். ஈரக் கையோடு ஓடினேன். துடைக்கும் துணி தோளிலேயே கிடந்தது. ரஞ்சனி பச்சைப் புடவை கட்டியிருந்தாள். இளைத்திருந்தாள். சித்தார்த் கையில் ஆரஞ்சுப் பையும், அவருக்கு எடுத்த வேட்டியும். இதழினி அம்மா இடுப்பில் உட்கார்ந்து ஒரு சாக்லேட்டைச் சப்பிக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்கள்.

"வா கண்ணு. வாங்க மாப்ள. ஏன் அங்கயே நிக்கறீங்க?"

வாசல் நடுவில் சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நின்றது. மழை விட்ட வெயில் ரிம் இரண்டிலும் பட்டுச் சுவரில் ஆடியது. அவர் அதன் பின் சக்கரத்தருகே ஸ்பானரோடு குனிந்திருந்தார். ரஞ்சனி உள்ளே வந்தாள். சைக்கிளைப் பார்த்தாள்.

"ஐயோ, என்ற சைக்கிளா இது?" என்று சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இதழினி இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி ஓடினாள். முன் ரிம்மில் தன் முகத்தைப் பார்த்து, இரண்டு கையையும் அதன் மேல் வைத்து, "பாப்பா! பாப்பா!" என்று தட்டினாள். சாக்லேட் கை. பத்து விரலும் ரிம்மில் பதிந்தன.

அவர் நிமிர்ந்தார். முதலில் குழந்தையைப் பார்த்தார். குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்தது. ரஞ்சனி சின்ன வயதில் சிரித்த அதே சிரிப்பு, கண்ணை மூடிக்கொண்டு. அவர் முகத்தில் ஒரு நொடி ஏதோ வந்தது. வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். வந்தது. பிறகு ரிம்மைப் பார்த்தார். எழுந்து வந்து, என் தோளில் கிடந்த துணியை எடுத்தார். குழந்தையின் கையை மெதுவாக விலக்கிவிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு விரல் தடமாகத் துடைத்தார். ஓட்டைகளில் கூடத் துணியை முறுக்கி விட்டு, நான் துடைக்கிற மாதிரியே, கறை சுத்தமாகப் போகிற வரைக்கும் துடைத்தார்.

துடைத்து முடித்துத் துணியை என்னிடம் நீட்டினார். "பூவாத்தா வார நேரம். வாசல்ல ஆரும் நிக்க வேண்டாம்னு சொல்லு" என்றார்.

பூவாத்தாள் அவருடைய தங்கை. திருச்செங்கோட்டில் இருக்கிறாள். அவள் எதற்கு வருகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. ரஞ்சனிக்கு விளங்கிவிட்டது. அவள் செயின் கவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேப்பர் டேப் இருந்த இடத்தில் மஞ்சள் எழுத்தில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர். 'அறிவுமதி' என்று. பூவாத்தாளின் மகள் பெயர். முந்தின நாள் சாயங்காலம் அவர் கடைவீதி போய் வந்தது இதற்குத்தான். நான் கச்சாயத்துக்கு மாவு இடித்துக்கொண்டிருந்ததில் வாசலுக்கு வந்து பார்க்கவே இல்லை.

ரஞ்சனி சத்தம் போடவில்லை. அப்பா பக்கம் திரும்பவும் இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அப்பா வரச் சொன்னாருன்னு சொன்னீல்லம்மா?"

அவர் பின் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒற்றைக் கண்ணை மூடிக் கோட்டம் பார்த்தார்.

சித்தார்த் குழந்தையைத் தூக்கிக்கொண்டான். நல்ல பையன். "நாங்க கெளம்பறோம் அத்த" என்று மட்டும் சொன்னான். ஆரஞ்சுப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி கையிலேயே எடுத்துக்கொண்டான். நான் கேட் வரைக்கும் பின்னாலேயே போனேன். ரஞ்சனி பைக்கில் ஏறுவதற்கு முன்பு நின்றாள்.

"அன்னிக்கு நீயும் தலையில தண்ணி ஊத்திக்கிட்டது எனக்குத் தெரியும்மா. பக்கத்து ஊட்டக்கா அப்பவே சொன்னாங்க. அத நான் ஒரு நாளும் உன்னையக் கேக்கல. ஆனா என்ற புள்ளையக் கொண்டாந்து இங்க நிறுத்தி வெச்சுட்டியே."

"கண்ணு, நான் என்ன நெனச்சேன்னா…"

"இனிமே கூப்புடாத."

இதழினி அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவிலிருந்து எனக்குக் கையை ஆட்டினாள். கையில் இன்னும் சாக்லேட் ஒட்டியிருந்தது.

அரை மணி நேரத்தில் பூவாத்தாள், பக்கத்து வீட்டுக்காரரின் குட்டியானை வண்டியில், மகளோடு வந்து இறங்கினாள். அறிவுமதி டியூஷன் போக ஒரு சைக்கிள் வேண்டும் என்று ஆவணியிலேயே அண்ணனிடம் கேட்டிருக்கிறாள். சும்மா கிடக்கிறதைத் தருகிறேன் என்று இவரும் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. நான் வைத்த கோழிக் குழம்பை அவர்கள்தான் சாப்பிட்டார்கள். நான்தான் பரிமாறினேன்.

"அண்ணி, கொழம்பு அமிர்தமா இருக்குதுங்க. நாங்க வாரமுன்னு தெரிஞ்சுதான் கச்சாயமெல்லாம் சுட்டீங்களாக்கும்" என்றாள் பூவாத்தாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்தப் பெண் அறிவுமதி மேல் எனக்குக் கோபம் இல்லை. பதினாலு வயதுக் குழந்தை. சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்த்துவிட்டு, ஸ்டிக்கரின் மேல் விரலை வைத்து, "மாமா, இதுக்குள்ள ஏதோ எழுதியிருக்கற மாதிரி மேடா இருக்குதுங்களே" என்றது.

"அது ஒண்ணுமில்ல சாமி. புதுப் பெயின்ட் மேல ஸ்டிக்கரு நிக்காது, பெயின்டோட உரிஞ்சு வந்துரும். அதுக்குத்தான் அந்த எடத்த மட்டும் டேப் போட்டுப் பழசாவே உட்டு வெச்சேன்."

மூன்று வாரத்தில் அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். கேட்க எவ்வளவு லேசாக இருந்தது. ஒரே ஒரு கேள்வி. நான் கேட்டிருந்தால் எனக்கும் இதே பதிலைச் சொல்லியிருப்பார். மறைக்க வேண்டும் என்று அவர் எதையும் மறைக்கவில்லை. மறைப்பதற்கு அவர் மனசில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். அந்த டேப்புக்குள் ஒரு அப்பாவை உட்கார வைத்துப் பார்த்தது நான்.

சைக்கிளைக் குட்டியானையில் ஏற்றிக் கயிறு கட்டினார்கள். ரிம்மில் கயிறு படக் கூடாது என்று அவர் இரண்டு தடவை சொன்னார்.

அந்த வாரம் முழுக்க நான் கூப்பிட்டும் 'கேஸ் புக்கிங்' எடுக்கவில்லை. திங்கள் அடித்தது, செவ்வாய் அடித்தது. புதன்கிழமையிலிருந்து அடிப்பதும் நின்றுவிட்டது. "என்ன, சிலிண்டர் வரலியா?" என்று வியாழக்கிழமை அவர் கேட்டார். "இனி வராதுங்க" என்றேன். இண்டக்ஷன் அடுப்பு ஒன்று வாங்கிவிடலாம் என்றார்.

அடுத்த ஞாயிறு சேலத்தில் பழைய வண்டிகள் கண்காட்சி. ஒரு வருடமாக அவர் காத்திருந்த நாள். பதினோரு சைக்கிளையும் வரிசையாக நிறுத்த அவருக்குத் தனி இடம் ஒதுக்கியிருந்தார்கள். கேமராக்காரப் பையன்களும் வருகிறார்களாம். சனிக்கிழமை காலையிலேயே இடத்தைச் சரிபார்க்க அவர் பஸ் ஏறினார்.

"நாலு மணிக்கு வண்டி வந்துரும். எல்லாத்தையும் ஒருக்காக் கழுவித் தொடச்சு, எண்ண போட்டு வெச்சுரு. ரிம்மு மட்டும் சுத்தமா இருக்கோணும்" என்றார்.

"ஆகட்டுங்க."

வெளியே ஐப்பசித் தூறல். துணி காயாத நாள். புளி கரைத்தேன். கூடத்தில் ஏழு, தாழ்வாரத்தில் நாலு, ஒவ்வொன்றாகத் தாழ்வாரத்து ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றி இருபத்திரண்டு ரிம்முக்கும் புளித்தண்ணீர் பூசினேன். பழைய எண்ணெய்ப் பிசுக்கு ஒரு பொட்டு இல்லாமல் நார் போட்டேன். பூந்திக்கொட்டை நுரை போட்டேன். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். வேலையில் ஒரு குறை யாரும் சொல்ல முடியாது. எல்லாம் முடியும்போது மணி இரண்டரை.

பிறகு கை கழுவிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். துடைக்கும் துணி மடியில் இருந்தது. போன ஞாயிறு அவர் என்னிடம் நீட்டிய அதே துணி. நான் துவைக்கவில்லை. அதன் ஓரத்தில் இதழினியின் சாக்லேட் காய்ந்து, சின்னச் சின்னக் கறையாக ஒட்டியிருந்தது. அதை நாலாக மடித்து வைத்துக்கொண்டு, ரிம்களிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் டப்பா ஜன்னலில் இருந்தது. எழுந்து எடுக்கவில்லை.

மூன்று மணிக்கு அவர் போன் செய்தார்.

"கழுவியாச்சா?"

"ஆச்சுங்க."

"தொடச்சுட்டியா?"

"தொடச்சாச்சுங்க" என்றேன். மகளுக்கு ஒரு பொய் சொன்னேன், சிலிண்டர் போக அவருக்கும் ஒன்று சொல்லிவிட்டேன். கணக்கு நேர்.

மூன்றேகாலுக்குக் கம்பி நுழையும் ஓட்டைகளைச் சுற்றி முதல் செம்புள்ளி தெரிந்தது. அடுத்ததில் இன்னொன்று. நான் சின்ன வயதில் கற்ற வேலை என்னை ஏமாற்றவில்லை. இதனால் ரஞ்சனி திரும்பி வரப்போவதில்லை, தெரியும். மறுபடி ஒருவர் உட்கார்ந்து புளி கரைத்தால் இந்தத் துரு போய்விடும், அதுவும் தெரியும். அந்த ஒருவர் இனிமேல் நான் இல்லை.

நாலு மணிக்குச் சொன்னபடி வண்டி வந்தது. டிரைவர் ராசிபுரத்துப் பையன், மரியாதை தெரிந்தவன். முதல் சைக்கிளைத் தூக்கப் போனவன் கையை எடுத்துப் பார்த்தான்.

"ஏனுங்கக்கா, ரிம்மெல்லாம் ஈரமா இருக்குதுங்களே. அங்கங்க செவக்குதாட்ட இருக்குது. ஒருக்காத் தொடச்சுரட்டுங்களா?" என்று தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான்.

"வேண்டாம் சாமி" என்றேன். "அப்பிடியே ஏத்து."